கனடாவில் இருந்து அமெரிக்கக் கல்லூரி வழியாக என்.பி.ஏ.வுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் 2025 ஜூன் இறுதித் தொடர் ஏழாவது ஆட்டம் வரை போனது. ஓக்லஹோமா சிட்டி தண்டர் பக்கம் ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர், லூகென்ட்ஸ் டோர்ட். இண்டியானா பேசர்ஸ் பக்கம் ஆண்ட்ரூ நெம்ஹார்ட், பெனடிக்ட் மாத்தூரின். நான்கு பேரும் கனடியர்கள், நான்கு பேரும் அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடிவிட்டு வந்தவர்கள். புதுமுகங்களை அணிகள் வரிசை முறையில் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் இவர்கள் போன இடங்களைப் பாருங்கள்: மாத்தூரின் 6, ஷே 11, நெம்ஹார்ட் 31. டோர்ட்டை யாருமே எடுக்கவில்லை.

இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டு கீழே படித்தால், டிராஃப்ட் வரிசையை நான் ஏன் அதிகம் நம்புவதில்லை என்பது புரியும்.

கனடாவிலேயே நல்ல பல்கலைக்கழகங்கள் இருக்கின்றனவே, ஏன் அமெரிக்கா போகிறார்கள்?

பணம் ஒரு காரணம், பார்வை இன்னொன்று. கனடியப் பல்கலைக்கழக விளையாட்டு அமைப்பான யூ ஸ்போர்ட்ஸின் விதிப்படி, விளையாட்டுக்கான உதவித்தொகை படிப்புக் கட்டணத்தையும் கட்டாயக் கட்டணங்களையும் தாண்டக்கூடாது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவில் முழு ஸ்காலர்ஷிப் என்றால் கட்டணம், தங்கும் இடம், சாப்பாடு, புத்தகம் எல்லாம் அதில் அடங்கும்.

பணத்தைவிடப் பெரியது பார்வை. முதல் பிரிவில் 360க்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஆடுகின்றன. மார்ச்சில் 68 அணிகள் மோதும் தேசியப் போட்டியை நாடே டிவியில் பார்க்கிறது, என்.பி.ஏ.வுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்டுகள் நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒட்டாவாவின் கார்ல்டன் ரேவன்ஸ் அணியைப் பாருங்கள். 2003க்குப் பிறகு கனடியச் சாம்பியன் பட்டங்களில் பெரும்பாலானவற்றை அள்ளிய அணி அது. கோடைக்கால நட்பு ஆட்டங்களில் அமெரிக்க அணிகளையும் தோற்கடித்திருக்கிறது. ஆனாலும் அங்கே நட்சத்திரமாக இருந்த பில் ஸ்கரப் ஐரோப்பாவில்தான் தொழில்முறை வாழ்க்கையை அமைத்துக்கொண்டார். திறமை இல்லை என்பதற்காக அல்ல, அந்த ஜன்னல் வழியாக என்.பி.ஏ. எட்டிப் பார்ப்பதில்லை.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகம் கனடாவில் இருந்துகொண்டே என்.சி.ஏ.ஏ.வில் உறுப்பினரானது. ஆனால் அது இரண்டாம் பிரிவு.

இந்தப் போக்கு புதிதா?

இல்லை. 1983லேயே டொராண்டோக்காரரான லியோ ராட்டின்ஸ் சிரக்யூஸ் கல்லூரியில் இருந்து முதல் சுற்றில் 17வது ஆளாகப் போனார். மான்ட்ரியலில் பிறந்த பில் வென்னிங்டன் செயின்ட் ஜான்ஸில் ஆடி, 1985ல் 16வது இடத்தில் எடுக்கப்பட்டு, பின்னால் மைக்கேல் ஜோர்டனின் சிகாகோ அணியில் மூன்று பட்டங்கள் வாங்கினார். டொராண்டோவின் ஜமால் மக்லோயர் 1998ல் கென்டக்கியோடு கல்லூரிச் சாம்பியன் பட்டம் வென்றவர். 2004ல் என்.பி.ஏ.வின் சிறந்தவர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டம் வரை போனார்.

ஆனால் எல்லோரும் சொல்லும் கதை ஸ்டீவ் நாஷுடையது. விக்டோரியாவில் வளர்ந்த பையன். அமெரிக்கக் கல்லூரிகளுக்கு வீடியோக்களும் கடிதங்களும் போயும் ஸ்காலர்ஷிப் தர முன்வந்தது ஒரே ஒரு கல்லூரி: கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரா. முதல் ஆண்டிலேயே, 1993 மார்ச் தேசியப் போட்டியில், 15ஆம் தரநிலையில் இருந்த அந்தச் சின்னக் கல்லூரி இரண்டாம் தரநிலை அரிசோனாவைக் கவிழ்த்தது. நாஷ் நான்கு ஆண்டு ஆடி முடித்து 1996ல் 15வது இடத்தில் ஃபீனிக்ஸுக்குப் போனார். 2005, 2006 இரண்டு ஆண்டுகளிலும் என்.பி.ஏ.வின் மிகச் சிறந்த வீரர்.

அந்தக் காலத்தில் கனடியர் என்றால் அபூர்வம். இப்போது அப்படி இல்லை.

திடீரென்று இத்தனை பேர் எங்கிருந்து வந்தார்கள்?

1995ல் டொராண்டோ ராப்டர்ஸும் வான்கூவர் கிரிஸ்லீஸும் தொடங்கின. வான்கூவர் அணி 2001ல் மெம்பிஸுக்குப் போய்விட்டது, டொராண்டோ நின்றது. 1998ல் வின்ஸ் கார்ட்டர் வந்தார், 2000ல் எகிறிப் பந்தைக் கூடைக்குள் திணிக்கும் டங்க் போட்டியில் அவர் செய்ததைப் பார்த்து ஒரு தலைமுறையே பந்தைக் கையில் எடுத்தது என்பார்கள். அது கொஞ்சம் எளிமையான விளக்கம் என்றாலும் பொய் இல்லை.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது குடியேற்றம். கரீபியன் தீவுகளில் இருந்தும் ஆப்பிரிக்காவில் இருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பிராம்ப்டன், மிசிசாகா, ஸ்கார்பரோ, மான்ட்ரியல் நார்த் என்று வளர்ந்தார்கள். ஐஸ் ஹாக்கிக்குக் கருவிகள் வாங்கவே பெரும் செலவு; கூடைப்பந்துக்கு ஒரு ஜோடி ஷூவும் பொது மைதானமும் போதும். பல வீடுகளில் விளையாட்டு ரத்தமும் இருந்தது. ஆண்ட்ரூ விகின்ஸின் அப்பா மிட்செல் என்.பி.ஏ. ஆட்டக்காரர், அம்மா மரீட்டா பெய்ன் 1984 ஒலிம்பிக்கில் கனடாவுக்காக வெள்ளி வென்ற ஓட்டக்காரர். ஷேயின் அம்மா 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆன்டிகுவாவுக்காக ஓடியவர்.

இதோடு கிளப் அணிகள் சேர்ந்தன. சி.ஐ.ஏ. பவுன்ஸ், யூபிளே போன்ற ஒன்டாரியோ கிளப்புகள் கோடையில் அமெரிக்கச் சுற்றுப் போட்டிகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனதால், கல்லூரிக் கோச்சுகள் இவர்களைத் தேடிக் கனடா வரவேண்டிய அவசியம் இல்லாமல் போனது. விளைவு: 2023-24 பருவத் தொடக்கத்தில் என்.பி.ஏ. அணிகளில் 26 கனடியர்கள் இருந்தார்கள். அமெரிக்காவுக்கு வெளியே வேறெந்த நாட்டுக்கும் அவ்வளவு பேர் இல்லை.

பள்ளி முடித்ததும் நேராகக் கல்லூரிக்குப் போய்விடுகிறார்களா?

முன்பெல்லாம் பள்ளிப் பருவத்திலேயே எல்லை தாண்டினார்கள். விளையாட்டுக்கென்றே நடத்தப்படும் உறைவிடப் பள்ளிகளை அங்கே பிரெப் பள்ளி என்பார்கள். டிரிஸ்டன் தாம்ப்சன், கோரி ஜோசப், ஆன்டனி பென்னட் மூவரும் நெவாடாவில் இருந்த ஃபின்ட்லே பிரெப்பில் ஆடியவர்கள். ஆர்.ஜே. பாரட் ஃபுளோரிடாவின் மான்ட்வெர்டி பள்ளிக்குப் போனார். ஷே டென்னசியில் ஒரு சிறிய கிறிஸ்தவப் பள்ளியில் சேர்ந்தார்.

2015ல் ஒன்டாரியோவில் பிரெப் பள்ளிகளுக்கான தனி லீக் தொடங்கிய பிறகு ஊரிலேயே இருந்து பெயர் வாங்கும் வழியும் திறந்தது. கிட்ச்னர்காரரான ஜமால் மரே ஆரஞ்ச்வில்லில் ஆடி, அங்கிருந்து நேராகக் கென்டக்கிக்குப் போய், ஒரே பருவத்தில் ஆட்டத்துக்கு 20 புள்ளி அடித்து, 2016ல் 7வது இடத்தில் டென்வருக்குப் போனார். 2023ல் அந்த அணியோடு பட்டமும் வென்றார்.

எந்தக் கல்லூரியில் சேர்வது நல்லது?

பெரிய பெயரா, நிறைய நேரம் ஆடக் கிடைக்கும் இடமா என்பதுதான் கேள்வி. கென்டக்கி போன்ற இடத்தில் ஒவ்வோர் ஆண்டும் நாட்டின் சிறந்த பையன்கள் குவிவார்கள். ஷேயே 2017-18 பருவத்தின் தொடக்கத்தில் பெஞ்சில் இருந்து எழுந்து வந்தவர்தான். போட்டியில் தாக்குப்பிடித்து நடுப்பருவத்தில் முதல் ஐவரில் நுழைந்தார். எல்லோருக்கும் அது நடக்காது.

வாஷிங்டன் மாநிலத்து ஸ்போகேனில் உள்ள கொன்சாகா வேறு மாதிரி. அங்கே பொறுமைக்கு மதிப்பு அதிகம். கம்லூப்ஸைச் சேர்ந்த கெல்லி ஒலினிக் இரண்டு பருவம் ஆடியும் பெரிதாக எடுபடவில்லை. மூன்றாம் ஆண்டு முழுவதும் ஆட்டத்தில் இறங்காமல் பயிற்சி மட்டும் செய்தார்; இதை ரெட்ஷர்ட் என்பார்கள். திரும்பி வந்தபோது வேறு ஆள். 2013ல் 13வது இடத்தில் எடுக்கப்பட்டார். பிராண்டன் கிளார்க் சான் ஹோசே ஸ்டேட்டில் இருந்து கொன்சாகாவுக்கு மாறி வந்து 2019ல் முதல் சுற்றில் போனார். நெம்ஹார்ட் சகோதரர்களும் வேறு கல்லூரிகளில் தொடங்கி அங்கே வந்து சேர்ந்தவர்கள்தான்.

இப்போது கல்லூரி மாறுவது மிகச் சுலபம். 2024 ஏப்ரலில் இருந்து, படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை மாறினாலும் உட்கார வைக்க மாட்டார்கள். அதனால் முதல் தேர்வு தவறினாலும் குடி முழுகிப் போவதில்லை. ஆனால் ஆண்டுக்கு ஒரு கல்லூரி என்று மாறுகிறவனை எந்தக் கோச்சும் பொறுமையாகச் செதுக்க மாட்டார்.

டிராஃப்டில் சேர என்ன தகுதி?

அந்தக் காலண்டர் ஆண்டில் 19 வயது நிறைந்திருக்க வேண்டும்; அமெரிக்காவில் பள்ளி முடித்தவர் என்றால் முடித்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். மொத்தம் இரண்டு சுற்று, சுற்றுக்கு 30 இடம். முதல் சுற்றில் போனால் இரண்டு ஆண்டுச் சம்பளம் உறுதி, அடுத்த இரண்டு ஆண்டு அணியின் விருப்பம். இரண்டாம் சுற்றில் அப்படி எந்த உறுதியும் இல்லை, பேசி வாங்கிக்கொள்வதுதான்.

லண்டன், ஒன்டாரியோவைச் சேர்ந்த ஷேடன் ஷார்ப் இந்த விதியை விசித்திரமாகப் பயன்படுத்தினார். கென்டக்கியில் சேர்ந்தார், ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை, 2022ல் 7வது இடத்தில் போர்ட்லாந்துக்குப் போய்விட்டார்.

முதல் இடத்தில் எடுக்கப்பட்டால் வாழ்க்கை செட்டில்தானே?

2013ல் ஆன்டனி பென்னட், 2014ல் ஆண்ட்ரூ விகின்ஸ். அடுத்தடுத்து இரண்டு ஆண்டு கனடியர்கள் முதல் இடத்தில் போனார்கள். இருவரையும் எடுத்தது கிளீவ்லாந்துதான்.

பென்னட் லாஸ் வேகஸ் கல்லூரியான யு.என்.எல்.வி.யில் ஒரே பருவம் ஆடியவர். அவர் பெயரைப் படித்தபோது அரங்கமே திகைத்தது. தோள்பட்டை அறுவை சிகிச்சை முடிந்து உடல் எடை கூடிய நிலையில் பருவத்தைத் தொடங்கினார். முதல் பதினைந்து வீச்சுகளும் வரிசையாகத் தவறின. நான்கு பருவம், நான்கு அணி, மொத்தம் 151 ஆட்டம், சராசரி 4.4 புள்ளி. அதோடு என்.பி.ஏ. முடிந்தது. அதே டிராஃப்டில் 13வதாகப் போன ஒலினிக் பத்தாண்டைத் தாண்டி ஆடினார்.

விகின்ஸ் கதை தோல்வி அல்ல, ஆனால் எதிர்பார்த்த கதையும் அல்ல. பள்ளியில் இருக்கும்போதே அடுத்த லெப்ரான் என்று எழுதினார்கள். ஒரு ஆட்டம் ஆடுமுன்பே மினசோட்டாவுக்கு அனுப்பப்பட்டார், 2015ல் சிறந்த புதுமுகம் ஆனார், பிறகு வெறுமனே புள்ளி அடிப்பவர் என்று அலட்சியமாகப் பேசப்பட்டார். கோல்டன் ஸ்டேட்டுக்கு வந்து, எதிரணியின் முக்கிய ஆளைத் தடுப்பதும் கூடையில் விழாமல் திரும்பும் பந்தை (ரீபவுண்ட்) பிடிப்பதுமே தன் வேலை என்று ஏற்றுக்கொண்ட பிறகுதான் 2022ல் பட்டம் கிடைத்தது. 19 வயதில் அவரிடம் யாரும் கேட்காத வேலை அது.

அப்படியானால் யார் தேறுவார் என்று எதை வைத்துக் கணிப்பது?

கல்லூரியில் எத்தனை புள்ளி அடித்தான் என்பதை முதலில் மறந்துவிடுங்கள். 2014ல் நிக் ஸ்டாஸ்கஸ் பிக் டென் என்ற கல்லூரிக் குழுவின் சிறந்த வீரர், அபாரமான மூன்று புள்ளி வீச்சு, மிசிசாகாப் பையன், 8வது தேர்வு. என்.பி.ஏ.வில் அவரைவிட வேகமான, நீளமான கைகள் கொண்டவர்கள் வந்து மறித்தபோது அந்த ஷாட்டுக்கு நேரமே கிடைக்கவில்லை. அணி அணியாக மாறினார்.

அதே சமயம் லூ டோர்ட்டைப் பாருங்கள். மான்ட்ரியல் நார்த்தில் வளர்ந்த ஹைட்டி வம்சாவளிப் பையன். அரிசோனா ஸ்டேட்டில் ஒரு பருவம். ஆட்டத்துக்கு 16 புள்ளி. ஆனால் மூன்று புள்ளி வீச்சில் பத்துக்கு மூன்றுதான் உள்ளே போனது. 2019ல் 60 பெயர்கள் படித்து முடித்தார்கள், அவர் பெயர் வரவில்லை. ஓக்லஹோமா சிட்டி, என்.பி.ஏ.வுக்கும் அதன் வளர்ச்சி லீக்குக்கும் இடையே போய்வரும் டூ-வே ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றில் ஹூஸ்டன் நட்சத்திரம் ஜேம்ஸ் ஹார்டனை ஆறு ஆட்டம் நிழல் போலத் தொடர்ந்தார். தொடரின் ஏழாவது ஆட்டத்தில் 30 புள்ளியும் அடித்தார். 2022ல் 8 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம், 2025ல் லீக்கின் முதல் தடுப்பாட்ட அணியில் இடம், சாம்பியன் மோதிரம். ஷாட் பிறகு வந்தது. எதிரியை மறிக்கும் உடம்பும் வெறியும் முதல் நாளே இருந்தன. வருகிற இடத்தில் முதல் நாளே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறதா? நான் பார்ப்பது அதை மட்டும்தான்.

நெம்ஹார்டிடம் அது பாஸ் கொடுக்கும் அறிவு. ஃபுளோரிடாவில் இரண்டு, கொன்சாகாவில் இரண்டு என நான்கு ஆண்டு முழுக்க ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டாக ஆடிவிட்டு வந்தார். வயது 22, உயரமாக எகிறுவதில்லை என்று ஸ்கவுட்டுகள் ஒதுக்கியதால் இரண்டாம் சுற்றின் முதல் ஆளாகப் போனார். இரண்டே ஆண்டில் பேசர்ஸ் அவருக்கு 5.9 கோடி டாலர் நீட்டிப்பு கொடுத்தது. டில்லன் புரூக்ஸும் அப்படித்தான். ஆரெகானில் பேக்-12 கல்லூரிக் குழுவின் சிறந்த வீரர், புள்ளி அடிக்கும் நாயகன். 45வது இடம்தான் கிடைத்தது. என்.பி.ஏ.வில் அவர் சம்பாதிப்பது எதிரணியின் நட்சத்திரத்தை எரிச்சலூட்டும் திறமையால்.

ஷேயை இந்தக் கணக்கில் எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். கென்டக்கியில் 14 புள்ளி சொச்சம், புதுமுக ஆண்டில் கிளிப்பர்ஸில் 11கூட இல்லை. 2024-25ல் 32.7, லீக்கிலேயே அதிகம்; சிறந்த வீரர் விருது, இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருது, பிறகு நான்கு ஆண்டுக்கு 28.5 கோடி டாலர் நீட்டிப்பு. இதை யாரும் கணிக்கவில்லை. ஷார்லட் அவரை 11வதாக எடுத்து அந்த இரவே கிளிப்பர்ஸுக்குக் கொடுத்துவிட்டது, கிளிப்பர்ஸ் ஒரே ஆண்டில் பால் ஜார்ஜுக்காக ஓக்லஹோமாவுக்குக் கொடுத்துவிட்டது. ஆனால் அவரும் முதல் நாளில் ஒரு வேலையோடுதான் வந்தார்: உயரமான கார்டு, நீண்ட கை, பந்தைத் தொலைக்காத நிதானம். அந்த வேலை அவருக்கு நேரம் வாங்கிக் கொடுத்தது. மீதியை அந்த நேரத்தில் கட்டிக்கொண்டார்.

ஸாக் ஈடி இந்தக் கணக்குக்குள் வருவாரா?

7 அடி 4 அங்குலம் உயரம். டொராண்டோவில் ஹாக்கியும் பேஸ்பாலும் ஆடிவிட்டுப் பதின்ம வயதின் நடுவில்தான் கூடைப்பந்துக்கு வந்தார். பள்ளி முடிக்கும்போது அவரைப் பெரிய திறமை என்று யாரும் பட்டியலிடவில்லை. பர்டூ கல்லூரியில் நான்கு ஆண்டு இருந்து 2023, 2024 இரண்டிலும் நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் ஆனார். தொடர்ந்து இரண்டு முறை அந்தப் பெருமையைப் பெற்றவர் அவருக்கு முன்னால் 1980களில் ரால்ஃப் சாம்ப்சன்தான். 2024 தேசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் யூகானுக்கு (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) எதிராக 37 புள்ளி அடித்தும் பர்டூ தோற்றது.

அப்படியும் "இந்தக் காலத்து என்.பி.ஏ.வுக்கு இவர் மெதுவானவர்" என்ற பேச்சு ஓயவில்லை. மெம்பிஸ் 9வதாக எடுத்தபோது பலரும் உதட்டைப் பிதுக்கினார்கள். முதல் பருவத்தில் ஆட்டத்துக்கு 9 புள்ளி, 8 ரீபவுண்ட், புதுமுகங்களின் முதல் அணியில் இடம். புள்ளிக்காக அவரைத் தேட வேண்டாம். திரை போட்டு சக வீரருக்கு வழிவிடுவதும் ரீபவுண்டும்தான் அவர் வேலை. பெரிய உடம்புக்குக் காயம்தான் எதிரி, அதைப் பொறுத்துத்தான் அவர் எத்தனை ஆண்டு ஆடுவார் என்பது.

டிராஃப்டில் பெயர் வராவிட்டால் என்ன செய்வார்கள்?

டூ-வே ஒப்பந்தம் முதல் படி. ஒவ்வோர் அணியும் மூன்று பேரை இப்படி வைத்துக்கொள்ளலாம், அவர்கள் என்.பி.ஏ.வுக்கும் அதன் வளர்ச்சி லீக்கான ஜி லீக்குக்கும் இடையே போய்வருவார்கள். 2025-26ல் இதற்குச் சம்பளம் சுமார் 6.4 லட்சம் டாலர். டூ-வே இல்லாமல் ஜி லீக்கில் மட்டும் ஆடினால் பருவத்துக்கு 40,000 டாலரை ஒட்டித்தான் வரும். 2024-25ல் கல்லூரி ஆட்டத்திலேயே அதிக அசிஸ்ட் (புள்ளிக்கு வழிவகுக்கும் பாஸ்) கொடுத்த ரயன் நெம்ஹார்ட், ஆண்ட்ரூவின் தம்பி, டிராஃப்டில் எடுக்கப்படாமல் டல்லாஸின் டூ-வே வழியாக நுழைந்தார்.

கிரிஸ் பூஷே இந்த வழியின் நாயகன். செயின்ட் லூசியாவில் பிறந்து மான்ட்ரியலில் வறுமையில் வளர்ந்தவர். ஒழுங்கான பயிற்சிக்கு வந்ததே பதின்ம வயது முடியும் தறுவாயில். நியூ மெக்சிகோவிலும் வயோமிங்கிலும் இரண்டாண்டுக் கல்லூரிகள், பிறகு ஆரெகான், 2017ல் தேசியப் போட்டிக்குச் சற்று முன் முழங்கால் தசைநார் கிழிந்தது. யாரும் எடுக்கவில்லை. 2019ல் ஜி லீக்கின் சிறந்த வீரர், சிறந்த தடுப்பாட்டக்காரர் இரண்டு விருதையும் வாங்கினார். அதே ஆண்டு ராப்டர்ஸ் பட்டம் வென்றபோது அணியில் இருந்தார்.

ஐரோப்பா இன்னொரு பாதை. அதைத் தோற்றவர்களின் இடமாகப் பார்ப்பது அறியாமை. கொன்சாகாவின் கெவின் பாங்கோஸ் லிதுவேனியா, ஸ்பெயின், ரஷ்யா என்று ஆடி 2021ல் ஐரோப்பாவின் உயர்ந்த கிளப் போட்டியான யூரோலீக்கின் சிறந்த ஐவரில் ஒருவரானார். என்.பி.ஏ. பெஞ்சின் கடைசி நாற்காலியைவிட அது நல்ல வாழ்க்கை என்பேன்.

கல்லூரியிலேயே இப்போது பணம் கொடுக்கிறார்களாமே, கனடியர்களுக்கும் கிடைக்குமா?

இங்கேதான் சிக்கல். 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரப் பணம் வாங்கலாம். 2025 ஜூனில் ஒரு நீதிமன்றச் சமரசம் ஏற்கப்பட்டு, அந்த ஜூலை முதல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாக வருமானத்தில் பங்கு தரலாம் என்றானது. முதல் ஆண்டு உச்சவரம்பு கல்லூரிக்கு எல்லா விளையாட்டும் சேர்த்து ஏறத்தாழ 2.05 கோடி டாலர்.

கனடியர் அங்கே வெளிநாட்டு மாணவர். அவருக்கு எஃப்-1 மாணவர் தகுதி. கனடியக் குடிமக்களுக்கு பாஸ்போர்ட்டில் விசா முத்திரை தேவையில்லை, கல்லூரி தரும் ஐ-20 படிவத்தைக் காட்டி எல்லையில் நுழையலாம். ஆனால் வேலை விதிகள் எல்லா வெளிநாட்டு மாணவர்களுக்கும் ஒன்றுதான்: வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம், வெளியே அனுமதி இல்லாமல் வேலை கூடாது. விளம்பரத்தில் நடிப்பது வேலையா? கையெழுத்துப் போட்டுக் காசு வாங்குவது வேலையா? வேலைதான் என்றே பெரும்பாலான வழக்கறிஞர்கள் சொல்கிறார்கள். ஒன்றும் செய்யாமல் உரிமத் தொகையாக வருவது வேறு என்று வாதிடலாம், அதற்கும் குடியேற்றத் துறையின் தெளிவான உத்தரவு கிடையாது.

அமெரிக்க மண்ணுக்கு வெளியே செய்யும் வேலைக்கு இந்தத் தடை இல்லை. 2022 கோடையில் கென்டக்கி அணி பஹாமாஸ் போனபோது, காங்கோ நாட்டவரான ஆஸ்கர் ஷிப்வே அங்கே வைத்து விளம்பர வேலைகளை முடித்துக்கொண்டார். கனடியர்களுக்கு ஊருக்குப் போனாலே அந்த வசதி உண்டு. எது எப்படியோ, ஏஜென்ட் சொன்னார் என்று கையெழுத்துப் போடாமல் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்பது நல்லது. எஃப்-1 தகுதி போனால் ஆட்டமும் போகும், படிப்பும் போகும்.

பணம் வந்ததால் டிராஃப்ட் முடிவுகள் மாறியிருக்கின்றனவா?

நன்றாகவே. முன்பு இரண்டாம் சுற்றில் போகக்கூடும் என்றால்கூடத் துணிந்து கிளம்பினார்கள். இப்போது பெரிய கல்லூரி ஒன்றில் இன்னோர் ஆண்டு இருந்தால் அந்த இரண்டாம் சுற்றுச் சம்பளத்தைவிட அதிகம் கிடைக்கலாம். கல்லூரிக்குப் பதிலாக என்.பி.ஏ. நடத்திய இக்னைட் அணி 2024ல் மூடப்பட்டதற்கும் இதுதான் காரணம். ஸ்கார்பரோவின் லெனர்ட் மில்லர் அந்த வழியாக 2023ல் போனவர்.

வெளிநாட்டு மாணவருக்கு அந்தப் பணத்தைத் தொடவே தயக்கம் என்பதால், தங்குவதா போவதா என்ற கணக்கு கனடியருக்கு அமெரிக்கச் சக வீரருக்கு இருப்பதுபோல் இருக்காது.

பெண்களுக்கும் இதே பாதையா?

பாதை ஒன்றுதான், அவசரம் குறைவு. அமெரிக்கக் கல்லூரியில் படிப்பவர் பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வின் டிராஃப்டுக்கு அந்த ஆண்டு 22 வயது ஆகவேண்டும் அல்லது பட்டம் முடிக்க வேண்டும். ஆகவே பெரும்பாலோர் நான்கு ஆண்டும் ஆடுகிறார்கள், பட்டத்தோடு வெளியே வருகிறார்கள். ஹாமில்டனின் கியா நர்ஸ் யூகானில் 2015, 2016 சாம்பியன் பட்டங்கள் வென்று 2018ல் 10வதாகப் போனார். கிங்ஸ்டனின் ஆலியா எட்வர்ட்ஸ் 2024ல் 6வது.

ஆனால் அணிகள் குறைவு, அணிக்கு 12 இடம்தான் என்றிருந்ததால் முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர்கள்கூட வெளியேற்றப்படுவது சாதாரணம். பிரிட்ஜெட் கார்ல்டனை 2019ல் இரண்டாம் சுற்றில் எடுத்த கனெக்டிகட் அந்தப் பருவத்திலேயே விட்டுவிட்டது. மினசோட்டா சேர்த்துக்கொண்டது; 2024 இறுதித் தொடரில் அவர் முதல் ஐவரில் ஆடினார். 2026ல் இருந்து டொராண்டோ டெம்போ அணி இந்த லீக்குக்கு வருவதாக அறிவிக்கப்பட்டபோது ஆண்களைவிடப் பெண்கள் பக்கம்தான் எனக்கு ஆவல் அதிகமானது.

தேசிய அணிக்கு இதனால் என்ன லாபம்?

2023 உலகக் கோப்பையில் மணிலாவில் அமெரிக்காவை 127-118 என்று வீழ்த்தி வெண்கலம். புரூக்ஸ் மட்டும் 39 புள்ளி. 2000க்குப் பிறகு முதல் முறையாக ஆண்கள் அணி 2024 ஒலிம்பிக்குக்குப் போனது, காலிறுதியில் பிரான்ஸிடம் தோற்றது. அதற்கு முன்பே 2017ல் 19 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையை வென்றிருந்தார்கள். அரையிறுதியில் அமெரிக்காவுக்கு எதிராக ஆர்.ஜே. பாரட் 38.

ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கத் தமிழ்ப் பெற்றோர் கேட்பது: பிள்ளை நன்றாக ஆடுகிறான், என்ன செய்யலாம்?

முதலில் பாடங்கள். என்.சி.ஏ.ஏ. முதல் பிரிவுக்கு 16 அடிப்படைப் பாடங்கள், அவற்றில் குறைந்தது 2.3 கிரேடு சராசரி தேவை. அதில் பத்துப் பாடங்கள் கடைசி ஆண்டு தொடங்குமுன் முடிந்திருக்க வேண்டும். பள்ளியில் நடத்தும் எல்லாப் பாடமும் கணக்கில் வராது. ஒன்பதாம் வகுப்பிலேயே வழிகாட்டி ஆசிரியரிடம் இதைப் பேசிவிடுங்கள். 12ஆம் வகுப்பில் பேசினால் தாமதம்.

அப்புறம் கிளப். ஸ்காலர்ஷிப் வாங்கித் தருவேன் என்று எந்தக் கிளப் நடத்துனர் உறுதி சொன்னாலும் அது விற்பனைப் பேச்சு. கல்லூரி எழுத்தில் தரும் நிதியுதவி ஒப்பந்தம் மட்டும்தான் உறுதி. 2024 அக்டோபரில், இந்தக் கல்லூரியில் சேர்கிறேன் என்று மாணவர் கையெழுத்திடும் பழைய தேசிய விருப்பக் கடிதம் என்ற முறையைக்கூட எடுத்துவிட்டார்கள், ஆகவே யாராவது அதைக் காட்டிப் பேசினால் உஷாராக இருங்கள்.

மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று பணம் தருவதில்லை. "அமெரிக்காவில் இடம் கிடைத்துவிட்டது" என்று மகிழ்ந்து, பிறகு ஆண்டுக்குப் பல பத்தாயிரம் டாலர் கட்டும் குடும்பங்கள் உண்டு. அதற்குப் பதில் ஒன்டாரியோவிலேயே யூ ஸ்போர்ட்ஸ் அணி ஒன்றில் ஆடி, கோடையில் 2019 முதல் நடக்கும் கனடிய எலீட் லீக்கில் வளரும் வீரராக இடம் தேடுவது மலிவு, பட்டமும் கையில் இருக்கும். அந்த லீக்கில் இருந்து ஐரோப்பாவுக்குப் போகும் வழியும் திறந்தே இருக்கிறது.